மனிதகுலச் சரித்திரமும் உயிருண்மையும்

உலகத்துப் பல நாடுகளின் சரித்திரங்களைத் தனித்தனி எழுதினோர் பலர். அவையனைத்தையும் ஒருங்கு திரட்டி, மனிதன் தோன்றிய நாள்தொட்டு இன்றுகாறும் நிகழ்ந்தனவற்றை ஒரு நூலுள் அடக்கி, இனி நிகழ்வனவற்றையும் உரைக்கப் புகுந்தோர் மிகச் சிலர். சென்ற நூற்றாண்டில், 1920-ஆம் ஆண்டையடுத்து, ஆங்கில நாவலாசிரியராகிய எச். ஜி. வெல்ஸ் என்பார் அத்தகைய நூலொன்றை வெளியிட்டுப் பெரும்புகழ் எய்தினர். இந்நூற்றாண்டில் அவ்விடத்தைப் பெற்றவர் யுவால் நோவா ஹராரி என்னும் இஸ்ரேல் தேசத்து ஆசிரியர். 1976-இல் பிறந்த இவர், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் 2002-இல் டாக்டர் பட்டம் பெற்று, எருசலேம் நகரத்து ஹீப்ரு சர்வகலாசாலையிற் சரித்திரம் போதித்தவர். முதற்கண் இவர் ஆராய்ந்தது ஐரோப்பிய இடைக்காலத்துப் போர்முறையையே. மாணவர்க்கு நிகழ்த்திய உலக சரித்திர விரிவுரைகள் திரண்டு 2011-இல் ஹீப்ரு மொழியிலும், 2014-இல் ஆங்கிலத்திலும் 'சேப்பியன்ஸ்' என்னும் பெயரால் நூலாயின. அந்நூல் அறுபதுக்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டுளது, தமிழிலும் உண்டு. அதன்பின் எதிர்காலங் கூறும் 'ஹோமோ டேயுஸ்' 2016-இலும், நிகழ்காலங் கூறும் '21-ஆம் நூற்றாண்டுக்கான 21 பாடங்கள்' 2018-இலும், செய்தி வலைகளின் வரலாறாகிய 'நெக்ஸஸ்' 2024-இலும் ஆங்கிலத்தில் வெளிவந்தன.

சைவ நன்மக்கள் இந்நூல்களை ஆராயவேண்டுவது என்னையெனின், கூறுதும். இந்நாளிற் கல்லூரி மாணவர் பலர் சமய நூல்களைத் தொடுமுன்னரே இவற்றைத் தொட்டுவிடுகின்றனர். கடவுளும் உயிரும் மனிதர் தம்முட் சொல்லிக்கொண்ட கதைகள் என்பதும், விஞ்ஞானிகள் உடம்பு முழுதுந் துழாவியும் உயிரென ஒன்றைக் கண்டிலர் என்பதும் அவருள்ளத்திற் பதிந்துவிடுகின்றன. தந்தை கூறும் விடை அவர்க்கு நிரம்புவதில்லை. பெரியோர் சிலரோ நூலைத் திறந்தும் பாராது, 'நாத்திகம்' என ஒரு சொல்லான் ஒதுக்குகின்றனர். அது சித்தாந்த ஆசிரியர் மரபன்று. அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியார்ப் பரபக்கத்தில் உலகாயதன் மதத்தையும் பௌத்தர் நால்வர் மதத்தையும் முன்னர் அவரவர் வாயாற் பேசவைத்து, பின்னரே மறுத்தருளினார். எதிரியின் கொள்கையை அவனினும் நன்குணர்ந்து கூறவல்லான் எவனோ அவனே அதனை மறுத்தற்குரியன் என்பது அந்நூற் போக்கானே விளங்கும்.

ஆகலின், கொள்ளத்தக்கன முதற்கண் கொள்ளப்படுக. ஹராரியாரது நடை தெளிவுடையது. பெரும்பொருளைச் சிறிய எடுத்துக்காட்டான் விளக்குந் திறன் அவர்க்கு உண்டு. ஏறக்குறைய 70,000 ஆண்டுகட்கு முன் மனிதனது சிந்தையில் நிகழ்ந்த மாறுதலும், 12,000 ஆண்டுகட்கு முன் தொடங்கிய உழவும், 500 ஆண்டுகட்கு முன் தொடங்கிய விஞ்ஞானமும் ஆகிய மூன்றனையும் தூண்களாக நிறுத்தி, அவற்றின்மேல் முழுச் சரித்திரத்தையும் எடுத்துளார். உழவைப்பற்றி அவர் கூறுவது பலரை வியப்பித்தது. கோதுமையை மனிதன் வசப்படுத்தினான் என்பது பிழை, கோதுமையே மனிதனை வசப்படுத்திற்று என்பர் அவர். உழவால் மக்கட்டொகை பெருகிற்றேயன்றித் தனிமனிதன் வாழ்வு சுருங்கிற்று என்பது கருத்து. இது முற்றும் அவரது கண்டுபிடிப்பன்று. அமெரிக்க அறிஞர் ஜாரெட் டயமண்ட் என்பார் 1987-இலேயே இதனை வற்புறுத்தினர். எலும்பாராய்ச்சி இதற்கு ஓரளவு சான்று பகரும். ஆயினும் உழவின் பயனாகிய எழுத்தையும் எண்ணையும் கொண்டே உழவைப் பழித்து நூலெழுத நேர்ந்தது ஒரு வேடிக்கையே.

அவர் நூல்களிற் சைவர்க்கு மிக இனியதாவது புலால் உணவு பற்றிய பகுதி. மனிதன் புகுந்த தேசமெல்லாம் பெருவிலங்குகள் அழிந்தன என்பதனை அவர் எண்ணிட்டுக் காட்டுகின்றார். ஏறக்குறைய 45,000 ஆண்டுகட்கு முன் மனிதர் ஆஸ்திரேலியாவிற் குடியேறிய பின்னர், 50 கிலோகிராமும் அதற்கு மேலும் நிறையுடைய 24 இன விலங்குகளில் 23 இனங்கள் மறைந்தனவாம். இக்காலத்து இயந்திர முறைப் பண்ணைகளில் தாயினின்று பிரிக்கப்பட்ட கன்றும், திரும்பவும் இடமின்றி இரும்புக் கூட்டில் அடைபட்ட பன்றியும் படுந் துயரை, சரித்திரத்தின் பெருங்கொடுமைகளுள் ஒன்றாக அவர் வைத்தெண்ணுகின்றார். தாமும் விலங்கினின்று பெறும் உணவை விலக்கியவர். மேனாட்டுச் சரித்திர நூலொன்றில் அரசர்க்கும் போர்க்கும் இடமுண்டு. ஆவின் கண்ணீர்க்கு இடமுண்டானது அரிது. சைவத்திற் பிறந்தும் இவ்வொழுக்கத்தை நெகிழவிட்டார் சிலர் இப்பகுதியைப் படித்து நாணுதல் தகும்.

இனி, மறுக்கத்தக்கன ஆராயப்படும். ஹராரியாரது தலையாய கொள்கை இது: குரங்கினம் சிறு கூட்டமாகவே ஒன்றுபடும், மனிதரும் ஒருவரையொருவர் நேரிற் பழகியறிந்து ஒன்றுபடுதல் 150 பேரளவிலேயே நின்றுவிடும், அதற்கு மேற்பட்ட ஆயிரவரும் கோடியரும் ஒன்றுபடுவது பொதுவிற் கொண்ட கதைகளானே. பிரெஞ்சு தேசத்துப் பெஜோ என்னும் மோட்டார் வண்டிக் கம்பெனியை அவர் எடுத்துக்காட்டுவர். தொழிற்சாலை எரியினும், தொழிலாளர் மாறினும், கம்பெனி அழியாது. நீதிமன்றம் ஓர் உத்தரவிட்டால் ஆலையும் ஆளும் இருக்கவே கம்பெனி அழியும். ஆகலின் அது மனிதர் மனத்தளவில் உள்ளதொரு பொருள். நாணயமும், தேசமும், சட்டமும் அத்தகையனவே என்பர். கி.மு. 1776-ஐ ஒட்டிய பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டமும், கி.பி. 1776-இல் அமெரிக்கர் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனமும் ஒன்றற்கொன்று முரண்பட்டனவாயினும் இரண்டும் தம்மைத் தெய்வ நீதியென்றே கூறிக்கொண்டன என்று அவர் காட்டுமிடம் நயமுடையது.

இதுகாறுங் கூறியது ஒப்பத்தக்கதே. உலக வழக்கிற் சங்கேதம் எனப்படுவது இதுவே; அது பொய்யுமன்று, இயற்கைப் பொருளுமன்று. பிழை அடுத்த அடியில் நிகழ்கின்றது. கம்பெனியை வைத்த அதே பேழையிற் கடவுளையும் அவர் இட்டு மூடுகின்றார். அதற்குக் காட்டிய ஏது யாது? பலர் கூடி ஒருபடித்தாக நம்புதலும், அந்நம்பிக்கையால் ஒன்றுபட்டு வினைசெய்தலுமே. இவ்வேது அநைகாந்திகம் என்னும் போலியாம், என்னை? ஞாயிற்றையும் பலர் கூடி நம்புகின்றனர். அதன் இயக்கத்தைக் கொண்டே ஆண்டும் திங்களும் வகுத்து ஒன்றுபட்டு வினைசெய்கின்றனர். அதனால் ஞாயிறு கதையாய்விடவில்லை. உள்பொருளிடத்தும் இல்பொருளிடத்தும் ஒப்பச் செல்லும் ஏது எதனையுஞ் சாதியாது. கம்பெனி சங்கேதம் என்பதற்குச் சான்று பலர் நம்புதலன்று. மனிதர் அதனை இன்ன நாளில் இன்ன பத்திரத்தான் ஆக்கினர் என்று காட்ட முடிதலே. மெய்கண்ட தேவர் முதற் சூத்திரத்திற் பதியுண்மையைப் பலர் நம்புதல் கொண்டோ, நூல் கூறுதல் ஒன்றே கொண்டோ நிறுவினாரல்லர். தோன்றி நின்று ஒடுங்கும் உலகினைப் பக்கமாக வைத்துக் கருதலளவையான் நிறுவினார். அவ்வநுமானத்தை மறுப்பார் மறுக்கலாம். ஹராரியாரோ அதனை மறுக்கவுமில்லை. ஒரு சமயத்தாருடைய அநுமானத்தையும் எதிர்ப்பட்டு ஆராயவுமில்லை.

சமயம் என்பதற்கு அவர் கூறும் இலக்கணமும் அத்தன்மைத்தே. மனிதர்க்கு மேற்பட்டதோர் ஒழுங்கை நம்பி அதன்மேல் நிறுவப்படும் விதி மரபே சமயம் என்று வகுத்து, அதனுள் பொதுவுடைமைக் கொள்கையையும், தேசியத்தையும், தனிமனித உரிமைக் கொள்கையையும் அடக்குவர். இலக்கணம் இலக்கியமல்லாததன்கண்ணும் செல்லுதல் அதிவியாப்தி என்னுங் குற்றம். கோயிலையும் கட்சி அலுவலகத்தையும் ஒரு பெயரான் வழங்கினால் இரண்டையும் அறிந்ததாகாது.

இனி, உயிர் இல்லையென அவர் கூறும் ஏதுக்களுள் வலியது ஒன்று உண்டு. 'ஹோமோ டேயுஸ்' நூலில் அது வருகின்றது. கண் முதலிய உறுப்புக்கள் பல பகுதிகளையுடையன. பகுதி பகுதியாகத் தலைமுறைதோறும் சிறிது சிறிது மாறி அவை உருவாயின என்று டார்வின் வழிவந்த பரிணாம நூல் கூறும். உயிரோ பகுதியற்றது, மாறாதது, அழியாதது என்கின்றனர் சமயவாதிகள். பகுதியற்றதொன்று சிறிது சிறிதாக உருவாதல் இயலாது. அன்றியும், மனிதனுக்கு மாத்திரம் உயிருண்டு, விலங்கிற்கு இல்லையெனின், உயிரில்லாத் தாய்வயிற்றில் உயிருள்ள மகவு ஒருநாள் திடுமெனத் தோன்றியிருத்தல் வேண்டும். அஃது எந்த மகவு? பரிணாமம் மெய்யாயின் உயிர் பொய் என்பது இவ்வாதத்தின் முடிபு.

இஃது எவர்மேற் செல்லும் வாதம் என்பது கருதத்தக்கது. மனிதன் ஒருவனுக்கே அழியா உயிருண்டென்றும், பிற பிராணிகட்கு இல்லையென்றும் கொண்ட மேனாட்டுச் சமயத்தார்மேல் இது செல்லும். அவர்க்கு இஃது ஒரு பெரிய இடர்ப்பாடே. சித்தாந்தத்தின்மேல் ஒருவாற்றானுஞ் செல்லாது. என்னை? உயிர்கள் எண்ணிறந்தன, அநாதியே உள்ளன, தாய்தந்தையரால் ஆக்கப்பட்டன அல்ல. ஆக்கப்படுவது தனுவே. அத்தனு மாயையின் காரியம், பகுதியுடையது, மாறுவது. அது சிறுகச் சிறுக மாறி, ஒன்றினின்று மற்றொன்றாய், இவ்வுருவம் எய்திற்று என்று விஞ்ஞானி நிறுவினால், மாயாகாரியத்தின் மாறுதலுக்கு அஃதொரு விளக்கம் ஆமன்றிச் சித்தாந்தத்திற்கு இழுக்கன்று. நால்வகைத் தோற்றத்தும் எழுவகைப் பிறப்பினும் உயிர் உண்டென்பதே சைவநூற் கொள்கை. ஓரறிவுடையன முதலாக ஆறறிவுடையன ஈறாக உயிர்களை வகுத்த தொல்காப்பிய மரபியலும் தாவரத்தை உயிரென்றே எண்ணிற்று. ஆகவே உயிரில்லாத் தாய் என ஒருத்தி எக்காலத்தும் இருந்திலள், 'எந்த மகவு?' என்னும் வினாவும் எழாது. பளிங்கு அடுத்த நிறத்தைக் காட்டுதல்போல, எடுத்த உடம்பின் கருவிக்கேற்ப உயிரின் அறிவு விளங்கும். புழுவிற் சிறிதும் மனிதனிற் பெரிதுமாக விளங்குதல் அக்கருவிகளின் வேற்றுமையால் என்க.

இதனால் உயிருண்மை நிறுவப்பட்டதாகாது. அதற்கு வந்த தடையொன்று நீங்கியது, அவ்வளவே. எதிர்வாதத்தை மறுத்த மாத்திரத்தே தன் பக்கம் வென்றதெனக் கொள்ளுதல் வாத நூலறியார் செய்கை.

விஞ்ஞானிகள் பல்லாயிரம் பரிசோதனை செய்தும் உயிரைக் கண்டிலர் என்பது அவரது அடுத்த ஏது. கருவியாற் கண்டு இதுவெனச் சுட்டப்படுவது எதுவோ அது சடமென்றும் அறிபொருளென்றும் சித்தாந்தம் முன்னரே கூறிற்று. நுண்ணோக்கியில் ஒன்று தென்பட்டு, 'இதுவே உயிர்' என ஒரு விஞ்ஞானி அறிவித்திருப்பின், முதலில் மறுப்பவர் சித்தாந்தியே ஆவர். காணப்பட்டது காண்பானாதல் இல்லையாகலின்.

ஆயினும் அவர் காட்டும் பரிசோதனைகளுட் சில ஊன்றி நோக்கத்தக்கன. டேனியல் கானெமன் என்னும் உளநூலறிஞரும் அவர் குழுவினரும் 1993-இல் வெளியிட்டது ஒன்று. ஒருவன் 14 பாகைச் செல்சியஸ் குளிர்ந்த நீரிற் கையை 60 நொடி வைத்தெடுக்கின்றான். மற்றொருமுறை அவ்வாறே 60 நொடி வைத்து, மேலும் 30 நொடி வைத்திருக்க, அதற்குள் நீர் 15 பாகையளவு சிறிதே வெம்மையூட்டப்படுகின்றது. எதனை மீட்டுஞ் செய்வாய் என்று வினவியபோது பெரும்பாலோர் நீண்டதனையே விரும்பினர். துய்ப்பது ஒரு 'நான்', கதை சொல்வது மற்றொரு 'நான்'. ஆகவே ஒருமையுடைய 'நான்' இல்லையென்று ஹராரியார் முடிவுகட்டுவர். மூளையின் இருபாதியையும் இணைக்கும் நரம்புக்கட்டு அறுக்கப்பட்ட நோயாளரிடம் ரோஜர் ஸ்பெர்ரியும் மைக்கேல் கசானிகாவும் கண்டவற்றையும் உடன்சேர்ப்பர். ஒரு பாதி அறிந்ததனை மறுபாதி அறியாது. ஆயினும் அறியாத பாதி ஏதோ காரணங் கட்டிக் கூறும்.

இவற்றை அஞ்சவேண்டுவதில்லை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என அந்தக்கரணம் நான்கென்றும், அவை சடமென்றும், அவற்றுள் ஒன்றும் உயிரன்றென்றும் நான்காஞ் சூத்திரங் கூறும். அமைச்சர் பலரோடு கூடிய அரசன்போல உயிர் அவற்றொடு கூடி நிற்கும். அமைச்சருள் ஒருவன் கண்டதை மற்றொருவன் திரித்துரைத்தலும், ஒருவனோடொருவன் பேசும் வாயில் அடைக்கப்பட்டால் இருவரும் வெவ்வேறு செய்தி கொணர்தலும் நிகழ்வனவே. அதனால் அரசன் இல்லையென்றாதல், இருவரென்றாதல் பெறப்படாது. கதை சொல்லும் 'நான்' என ஹராரியார் பெயரிட்டது அகங்காரத்தின் தொழிலாகும். அதனை உயிரென மயங்கற்க என்று அவர் கூறுவாராயின், சித்தாந்தி மறுத்து ஒன்றுங் கூறான். குளிர்நீர்ச் சோதனையோ அவர் கொள்கைக்கே மாறாய் முடியும். இரண்டனுபவங்களை ஒப்பிட்டு ஒன்றை விரும்பினான் என்றால், இரண்டையும் துய்த்தவன் ஒருவனாதல் வேண்டும். முன்னறிந்தவன் வேறு, பின் நினைப்பவன் வேறாயின் நினைவே நிகழாது. பிழைபட நினைத்தலும் நிகழாது. கணந்தோறும் அறிவு தோன்றிக் கெடுவதாகவும், அதன் சந்தானமே 'நான்' என்னும் வழக்காகவும் கொண்ட பௌத்தனை நோக்கி முன்னையோர் கூறிய விடை இதுவே.

பௌத்தம் ஈண்டு வந்தது வெறும் உவமைக்கன்று. ஹராரியார் 2000-ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஆராய்ச்சி மாணவராயிருந்தபோது, சத்திய நாராயண கோயங்கா என்பார் பரப்பிய விபாசனா தியானத்தைப் பயின்று, நாடோறும் செய்து வருபவர். 'ஹோமோ டேயுஸ்' நூலை 2013-இற் காலஞ்சென்ற அவ்வாசிரியர்க்கே உரிமையாக்கினர். ஆகலின் அவர் முழு உலகாயதரல்லர். உடம்பின் இயக்கத்தைப்பற்றி உலகாயதரொடும், 'நான்' என்பதைப்பற்றிப் பௌத்தரொடும் நிற்பவர். உயிர் கதை, ஆனால் உணர்வு மெய் என்பதே அவரது நிலை. மூளையின் அணுக்கள் இயங்குவதால் இன்ப துன்ப உணர்வு எவ்வாறு விளைகின்றது என்பதை விஞ்ஞானம் இன்னும் அறிந்திலது என்று அவர் ஒளியாது எழுதியது பாராட்டற்குரியது. உலகாயதருள் இந்நேர்மை உடையார் மிகச் சிலர்.

இங்கேதான் அவரது நூல் முழுதும் தங்கியிருக்கும் அச்சாணி உளது. ஒரு பொருள் மெய்யோ கதையோ என அறிய அவர் ஓர் உரைகல் தருகின்றார்: அப்பொருள் துன்பப்படுமோ என வினவுக என்பது. கம்பெனி நட்டமடைந்தால் கம்பெனிக்கு நோவில்லை. தேசம் தோற்றால் தேசத்திற்கு நோவில்லை. போரிற் காலிழந்த வீரனுக்கு நோவுண்டு. கன்றை இழந்த ஆவிற்கு நோவுண்டு. ஆகலின் வீரனும் ஆவும் மெய், ஏனைய கதை. இதனினும் சிறந்த உரைகல் அவர் நூலில் வேறில்லை. ஆனால் இதனை ஏற்றபின் அவர் எங்ஙனம் உயிரை மறுத்தல் கூடும்? துன்பம் தானே தனியே நிற்பதொன்றன்று. நோவு என்றால் நோவுறுவான் ஒருவன் வேண்டும். நோவுறுவான் இலன், நோவின் ஒழுக்கு மாத்திரம் உண்டெனின், ஆவின் நோவிற்கும் ஆற்றுநீரின் ஒழுக்கிற்கும் வேற்றுமை என்னை? அணையிட்டு ஆற்றைத் தடுத்தவனைக் கொடியன் என்பாரில்லை. பண்ணையில் ஆவை அடைத்தவனைக் கொடியன் என்று ஹராரியார் எழுதுகின்றார், நன்றே எழுதுகின்றார். அச்சொல்லுக்குப் பொருள் உண்டாகவேண்டுமாயின் அவ்வொழுக்கினுள் துய்ப்பானொருவனை அவர் உடன்படல் வேண்டும். அவரது இரக்கம் உயிரை ஒப்புகின்றது. அவரது வாதம் மறுக்கின்றது. இரண்டனுள் இரக்கமே மெய்கண்டார் வழிப்பட்டது.

அறிவுத்திறமும் உணர்வும் வெவ்வேறு என அவர் பிரித்தது இதனோடு இயைபுடையது. சதுரங்கம் ஆடவும், நோயறியவும், மொழிபெயர்க்கவும் வல்ல இயந்திரங்கள் இன்று உள்ளன. அவற்றிற்குத் திறமுண்டு, இன்பதுன்பமில்லை. இதுகாறும் திறமும் உணர்வும் ஒருங்கே இருந்தன, இனிப் பிரிந்து நிற்கும் என்று 'ஹோமோ டேயுஸ்' கூறும். மேனாட்டார்க்கு இது புதிய செய்தி. அறிவதே 'நான்' எனக் கொண்டு வந்தவராகலின் அவர் கலங்குகின்றனர். புத்தி தத்துவம் சடம் என்று கற்ற சித்தாந்திக்கு இதில் வியப்பில்லை. கலை முதலாகப் புத்தி ஈறாக உள்ள கருவிகள், ஆணவ இருளில் உயிர்க்கு வைத்த விளக்குப் போல்வன. விளக்கு பொருளைக் காட்டும், தான் காணாது. இப்பொழுது மனிதர் ஆக்கியது முன்னையினும் ஒளிமிக்கதொரு விளக்கு. ஆளில்லா வீட்டில் அது எரியலாம். அவ்வீட்டிற் காண்பார் இலர். உடம்பை இயந்திரமென்று கூறுதலும் சித்தாந்தத்திற்குப் புறம்பன்று. மூன்றாஞ் சூத்திரம் உடம்பை மாயையாலாகிய இயந்திரமென்றே வழங்கி, அதனுள் ஆன்மா உண்டென முடித்தது. விருப்பங்கள் ஒருவன் தேர்ந்தெடுத்தன அல்ல, தாமே எழுகின்றன என ஹராரியார் கூறுவதற்கும் அராகம், நியதி என்னுந் தத்துவங்கள் இடந்தரும்.

எதிர்காலங் கூறும் பகுதி இத்துணை ஆழமுடையதன்று. பஞ்சம், கொள்ளைநோய், போர் மூன்றும் மனிதனால் அடக்கத்தக்கனவாய்விட்டன. இனி அவன் சாவாமை, இடையறா இன்பம், தெய்வத்தன்மை மூன்றையும் நாடுவான் என்று 2016-இல் எழுதினர். நான்காண்டு கழியுமுன் கோவிட் நோய் உலகை அடைத்தது. 2020, 2021 ஆகிய ஈராண்டில் அந்நோய் காரணமாக மிகையாக இறந்தோர் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சம் பேர் என உலக சுகாதார நிறுவனம் கணித்தது. 2022-இல் ருஷியா உக்ரைனுட் படையொடு புகுந்தது. 2023 அக்டோபரில் அவரது சொந்த நாட்டிலேயே போர் மூண்டது. 2024-இற் சூடான் நாட்டு அகதிகள் முகாமொன்றிற் பஞ்சம் உண்டென அறிவிக்கப்பட்டது. நோய்க்கு மருந்து விரைந்து கண்டது விஞ்ஞானத்தின் வெற்றி, தோற்றது அரசியலே என்று அவர் பின்னர் எழுதியது ஓரளவு பொருந்தும். ஆயின் அரசியலைத் தோற்பித்தது எது என்று மேலும் ஓரடி சென்றாரல்லர். மருந்தைப் பங்கிடாது பதுக்கிய 'எனது' என்னும் முனைப்பை ஆணவம் என்பர் சித்தாந்திகள். எந்த ஊசியும் அதற்கு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

சாவாமையை நாடிக் கூகிள் கம்பெனி 2013-இற் காலிகோ என்னும் ஆராய்ச்சிக் கம்பெனி தொடங்கியதை அவர் சான்றாக்குவர். நெடுங்காலம் நில்லும் உடம்பு கிடைப்பினும் அது விபத்தில் அழியக்கூடும் என்று அவரே எச்சரிக்கின்றார். சித்தாந்தத்தில், உடம்பு நீடித்தல் வினை நீடித்தலேயன்றி வீடன்று. முத்தி நிலையில் உயிர் சிவனோடு ஒப்பாகும் எனக் கொண்ட சிவசமவாதியை உமாபதி சிவாசாரியர் 1313-இல் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் மறுத்தருளினார். மலம் நீங்கிய உயிர்க்கே அவ்வொப்பு இசையாதாயின், மலத்தொடு கூடிய மனிதன் படைத்தலையும் அழித்தலையும் கைக்கொள்ளுதல் எத்தகையது என்பது சிந்திக்கத்தக்கது. ஹராரியாரும் இதனை விரும்பினாரல்லர், அஞ்சியே எழுதினார். மனிதனது விருப்பங்களை அவனினும் நன்கறிந்து ஆளுங் கணிப்பொறி அரசுகள் எழும் என்பதும், செல்வர் சிலர் தெய்வமாக ஏனையோர் பயனற்றோராவர் என்பதும் அவர் அச்சம். அவ்வச்சம் தக்கதே. ஆனால், மனிதன் கணிப்பு விதிகளின் தொகுதியே என்று 300 பக்கம் எழுதியபின், அத்தொகுதியை வேறொரு தொகுதி ஆளுதல் தகாது என்று சொல்ல அவர்க்கு நிலைக்களம் இல்லை. அந்நூலின் இறுதிப் பக்கத்தில், உயிரினம் மெய்யாகவே கணிப்பு விதிதானோ, திறமோ உணர்வோ எது பெரிது என்று அவரே வினாவெழுப்பி விடைகூறாது விடுத்தமை, அந்நெருக்கடியை அவர் உணர்ந்தார் என்பதைக் காட்டும்.

'21 பாடங்கள்' நூலின் இறுதி அதிகாரம் தியானம் பற்றியது. அதன்கண் தமது முதற் பயிற்சியை அவர் விவரிக்கின்றார். மூச்சு வருவதையும் போவதையும் நோக்கியிரு என்றனர். பத்து நொடி கழியுமுன் மனம் வேறெங்கோ ஓடிற்று. இத்தனை காலமும் தம் வாழ்வுக்குத் தாமே தலைவரென எண்ணியிருந்தவர், வாயில்காப்போன் அளவிலேனும் நில்லாமையைக் கண்டார். மூளையை நுண்ணோக்கியாற் காணலாம், மனத்தைத் தன்னுள்ளே தானே நோக்கினாலன்றிக் காணவியலாது என்றும் அங்கே எழுதினர். மனம் ஓடியதென்று அறிந்தது எது? ஓடிய மனம் தன் ஓட்டத்தை அறிந்திலது, அறிந்திருப்பின் ஓடியிராது. அதனைக் கண்டு பின்னர் ஏட்டில் எழுதிய ஒன்று மனத்தின் வேறாய் அங்கே நின்றது. மெய்கண்டார் ஆன்மாவை நிறுவ எடுத்துக்கொண்ட இடமும் இதுவே. சிவஞான போதத்தின் மூன்றாம், நான்காஞ் சூத்திரங்களையும் சிவஞான முனிவர் மாபாடியத்தில் அவற்றிற்கு உரைத்தனவற்றையும் அறிந்தார், இவ்வதிகாரத்தை முதற்கண் வாசித்து, அதன்பின் 'ஹோமோ டேயுஸ்' நூலின் உயிர் மறுக்கும் பகுதியை வாசித்தல் நன்று. வீட்டில் இந்நூல்களைப் படிக்கும் பிள்ளைகட்கும் அம்முறையிற் படிப்பிக்கலாம். நூலைப் பறித்தல் வேண்டா.